ஐந்தாவது புதன்கிழமை

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நம் குடும்ப வரலாற்றில் குறித்து வைக்கத்தக்க முடிவு ஒன்று நேற்று மாலை எடுக்கப்பட்டது. கூட்டத்தில் நானும் உன் அத்தானும் கலந்துகொண்டோம். அவர் மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை, நாற்காலியிலேயே தூங்கிவிட்டிருந்தார். எனவே ஒருமனதாக நிறைவேறியது. முடிவு இதுதான்: இனிமேல் முகம் பார்த்துப் பேசும் அழைப்பில் நான் வரப்போவதில்லை. வெறும் குரல் அழைப்பிலும் இல்லை. கடிதம் மட்டுமே.

காரணம் கேட்பாய். அந்த அழைப்பில் நீ என்னைப் பார்ப்பதே கிடையாது; மூலையில் சின்னதாகத் தெரியும் உன் முகத்தைத்தான் பார்க்கிறாய். அடிக்கடி வாயைத் திறந்தபடி உறைந்தும் போகிறாய். டைரக்டர் ஒருவரை அந்தக் கோலத்தில் பார்ப்பது அவர் படத்தில் நடித்தவளுக்கு நல்லதல்ல. மூன்றாவது காரணம் ஒன்றும் இருக்கிறது. முதல் இரண்டே போதும் என்பதால் அதை எழுதவில்லை.

விழித்த பிறகு உன் அத்தானிடம் தீர்மானத்தைப் படித்துக் காட்டினேன். "அவன் ஒத்துக்க மாட்டான்" என்றார். "ஒத்துக்க வேண்டாம், பதில் எழுதினா போதும்" என்றேன். பிறகு, "எனக்கும் அதுதான் சரின்னு படுது" என்று சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

நீ வெளிநாடு கிளம்பும்போது உன் படத்தில் நாலு புதன்கிழமை எடுத்து முடித்திருந்தாய். ஐந்தாவது பாக்கி. அதை மறந்துவிடவில்லை.

அத்தானின் முழங்கால் தேவலை. உன் உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தான் முழங்காலின் நலம் அறிந்து மகிழ்ச்சி. உன் தீர்மானத்தை ஆட்சேபத்தோடு ஏற்றுக்கொள்கிறேன்.

இங்கே வேலை சுகம். பெரிய கிடங்கு. அதன் கண்காணிப்புக் கேமராக்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அட்டைப்பெட்டிகள் நகராமல் இருப்பதை நான் பார்க்கிறேன். நான் தூங்காமல் இருப்பதை என் தலைக்கு மேலே இருக்கும் கேமரா வழியாக வேறொருவர் பார்க்கிறார். திரையில் எது சிறிது மாறினாலும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கண் எனக்குப் பிறவியிலேயே உண்டு என்று மேலாளர் பாராட்டினார். ஒப்பந்தம் முடியும்வரை பாஸ்போர்ட் அவருடைய அலமாரியில் இருக்கும். பத்திரமான அலமாரி.

வேலை இல்லாத நேரத்தில் படத்தைத் தொகுக்கிறேன். ஒரு திரைப்பட விழா ஜூன் கடைசி வரை படங்களை ஏற்கிறது. விண்ணப்பத்துக்குக் கதைச்சுருக்கம் எழுதியிருக்கிறேன், படித்துப் பார்:

"லிஃப்ட் மெக்கானிக் ஒருவரின் மனைவி ஒரு புதன்கிழமை மாலை குடையை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறாள். திரும்பி வரவில்லை. மருத்துவமனையில் ஏலத்துக்குக் காத்திருக்கும் பழைய எக்ஸ்ரே இயந்திரம் ஆட்களைக் கடந்த காலத்துக்குக் கொண்டுபோகும் என்பதை மெக்கானிக் கண்டுபிடிக்கிறார். ஆனால் அது போன புதன்கிழமை வரைக்கும்தான் போகும். மனைவியைத் தடுக்க அவர் அதே புதன்கிழமைக்கு ஐந்து முறை போகிறார்."

போன புதன்கிழமைக்கு முன்னால் போனால் பழைய கார், பழைய உடுப்பு, பழைய விளம்பரப் பலகை எல்லாம் காட்ட வேண்டிவரும், அதற்கு நம்மிடம் வழியில்லை என்பதை விண்ணப்பத்தில் எழுத முடியாது. "இயந்திரத்தின் இயல்பான எல்லை" என்று எழுதியிருக்கிறேன்.

நாலு புதன்கிழமைகளையும் மெமரி கார்டில் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். தம்பி என்று பார்க்காமல் பலம் எது, குறை எது என்று எழுது. இந்தப் படமும் போகவில்லை என்றால் நான் கடைசிவரை அட்டைப்பெட்டி பார்க்க வேண்டியதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


பிப்ரவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

உன் நலம் அறிந்தோம். இங்கே அத்தான் நலம். மாடி வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பால்கனிச் செடி துளிர்விட்டிருக்கிறது.

படம் பார்த்தோம். எங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பகுதியில் அறிக்கை எழுதும் டாக்டரின் முறை உனக்குத் தெரியும். முதலில் எதெல்லாம் ஒழுங்காக இருக்கிறதோ அதையெல்லாம் எழுதுவார். எலும்புகள் சீராக உள்ளன, இதயம் வழக்கமான அளவில் உள்ளது. விஷயம் கடைசி வரியில் இருக்கும். இத்தனை வருஷமாக அதைப் பார்த்துப் பழகியதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

படம் சிறியது. இது பெரிய பலம். காலயந்திரம் நம்பும்படி இருக்கிறது, ஏனென்றால் அது வெறும் எக்ஸ்ரே இயந்திரமாக இருந்தபோதும் அப்படித்தான் இருந்தது. அறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிவதும் அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு படுப்பதும் நல்ல காட்சி. அவர் உண்மையிலேயே பயந்திருந்தார். எக்ஸ்ரே மேசையில் படுக்கிற எல்லாரும் அப்படித்தான் மேலே பார்ப்பார்கள். பின்னணி இசை இல்லாததால் குழாய் சொட்டுவது கேட்கிறது. இசைக்கு ஆள் கிடைக்காததை யாரும் குறை என்று நினைக்க மாட்டார்கள், நீயாகச் சொல்லாத வரை.

அத்தானின் நடிப்பில் ஒரு நிதானம் இருக்கிறது. லிஃப்ட் வரக் காத்திருப்பவரின் நிதானம். மனைவி போய்விட்டாள் என்று தெரிந்ததும் முகத்தில் ஏதோ ஒன்று வருகிறது, ஆனால் அடுத்த மாடியில் இறங்கிவிடுகிறது. நடுநடுவே கேமராவுக்குப் பக்கத்தில் எதையோ பார்க்கிறார். அந்த இடங்களை வெட்டு. முதல் ஞாயிற்றுக்கிழமை எடுத்ததில் நான் கதவைத் திறந்து போவதும் சுமார்தான். நீ என்னைத் திரும்பத் திரும்ப அந்தக் கதவு வழியாக வெளியே அனுப்பி, கடைசியில் நான் நாற்காலியில் உட்கார்ந்து சண்டை போட்டது நினைவிருக்கும். அந்தக் கோபம் பாதி நடையில் தெரிகிறது.

இப்போது கடைசி வரி. அந்த மனிதர் குடையை ஒளித்து வைக்கிறார், கதவைப் பூட்டுகிறார், லிஃப்டையே நிறுத்துகிறார். ஆனால் நாலு புதன்கிழமையிலும் ஒரு தடவைகூட "எங்கே போற?" என்று கேட்கவில்லை.

ஊர்ச் செய்தி: நீ கிளம்பிய மறு வாரம் எங்கள் பகுதிக்குப் புது இயந்திரம் வந்தது. சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். நான் படுத்தேன். படம் மிகத் தெளிவாக வந்திருந்தது. டாக்டர் நெடுநேரம் பார்த்துவிட்டு, இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை என்றார்.

குளிர் என்றால் காதை மூடிக்கொள்.

அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். செடி துளிர்த்ததில் சந்தோஷம். புது இயந்திரம் வந்ததிலும் சந்தோஷம்.

உன் விமர்சனத்தில் மற்றவற்றை ஏற்கிறேன். "எங்கே போற" என்று அவர் கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த இடத்தைக் காட்ட வேண்டும். நமக்கு இருப்பது உங்கள் வீடும் ஆஸ்பத்திரி அறையும்தான். ஆகவே அவர் கேட்க மாட்டார்.

நீ பார்க்காத குறை ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். நாலும் ஒரே புதன்கிழமை. ஆகவே நாலிலும் நீ ஒரே ஆளாக இருக்க வேண்டும். ஆனால் முதல் புதன்கிழமை கழுத்தை ஒட்டி இருக்கும் பச்சைச் சட்டை, நாலாவது புதன்கிழமை தோளிலிருந்து வழுக்குகிறது. கடிகாரம் மணிக்கட்டிலிருந்து கிளம்பி முழங்கையை நோக்கிப் போகிறது. ஒன்றரை வருஷம் ஞாயிறு ஞாயிறாக எடுத்ததால் வந்த வினை. நீ சாப்பாட்டைக் குறைத்து அழகைக் கூட்டுவதாக இருந்தால் படம் முடிந்த பிறகு செய்திருக்கலாம். காலப்பயணப் படத்தில் தொடர்ச்சி தவறினால் மிச்சம் ஒன்றும் இல்லை.

ஐந்தாவது புதன்கிழமையை இனியும் தள்ளிப்போட முடியாது. அத்தானே செல்பேசியில் எடுக்கட்டும். ஒரே ஒரு காட்சி. நீ குடையோடு கதவுவரை போகிறாய், திரும்புகிறாய், "நான் போகல" என்கிறாய். அதோடு படம் முடிகிறது. சட்டையின் பின்பக்கம் ஊசி குத்தி இறுக்கிக்கொள். கடிகாரத்தை முதல் புதன்கிழமை இருந்த இடத்தில் கட்டு. இது இல்லாவிட்டால் படமே இல்லை, அக்கா.

உடம்பைப் பார்த்துக்கொள். கொஞ்சம் சாப்பிடு, என் படத்துக்காகவாவது.

தம்பி


ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. அத்தான் நலம். மாடி வீட்டுக்காரர் எதிர்வீட்டுப் பெயர்ப்பலகையைக்கூடக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறார், எல்லாருக்கும் உரக்கப் படித்தும் காட்டுகிறார்.

வருத்தமான செய்தி ஒன்று. காலயந்திரம் ஏலத்தில் போய்விட்டது. பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து கழற்றி வண்டியில் ஏற்றினார். அத்தான் பக்கத்தில் நின்று எந்தத் திருகை முதலில் கழற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். "இதுலதான் நான் படுத்து நடிச்சேன்" என்று அந்த ஆளிடம் சொல்லியிருக்கிறார். அவர், "எல்லாரும் இதுல படுத்தவங்கதானே" என்றாராம். இந்த ஊரில் இனி யாரும் போன புதன்கிழமைக்குப் போக முடியாது.

தொடர்ச்சி பற்றி நீ எழுதியது சரி. பழியைத் தையல்காரர் மேல் போடலாம் என்று பார்த்தேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடிகார வாரில் நானே ஆணியைக் காய்ச்சி இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டேன். இப்போது அதுவும் போதவில்லை. நான் சாப்பிடுவதை நீ நினைப்பதுபோலக் குறைக்கவில்லை. சாப்பாடுதான் என்னைக் குறைத்துக்கொண்டது.

ஐந்தாவது புதன்கிழமைக்கு ஒரு நிபந்தனை. தலையில் துணி கட்டிக்கொண்டுதான் நடிப்பேன். பச்சைச் சட்டைக்குப் பொருத்தமான துணிதான். ஏன் என்று கேட்காதே, நடிகைகளிடம் காரணம் கேட்கும் வழக்கம் இல்லை.

வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டிருக்கிறேன். வீட்டில் ஒட்டடை நிறைய.

தலைவலி இருப்பதாக முன்பு சொல்லியிருந்தாய். கண்ணைக் காட்டு.

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

கண்ணைக் காட்டினேன். கண்ணில் ஒரு குறையும் இல்லையாம். தொலைவில் இருப்பது எல்லாம் தெளிவாகத் தெரிகிறது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

தலைத்துணிக்கு நான் சம்மதிக்க முடியாது. அதே புதன்கிழமை, அதே மாலை, அதே கதவு. நாலு தடவை பின்னலோடு போனவள் ஐந்தாவது தடவை தலையில் துணியோடு வந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? டைரக்டருக்குக் கண் இல்லை என்று நினைப்பான். இங்கே ஒரு பெட்டி ஓர் அங்குலம் நகர்ந்தால் நான் குறித்து வைக்கிறேன். அந்த மானத்தையாவது காப்பாற்று.

தலைமுடியை வெட்டிக்கொண்டிருந்தால் சொல், திட்ட மாட்டேன். பின்புறமாக எடுத்துச் சமாளிக்கலாம். ஆனால் "நான் போகல" என்று சொல்லும்போது முகம் தெரிய வேண்டும். இத்தனை பாடும் அந்த ஒரு முகத்துக்காகத்தான்.

வீட்டு வேலையை எல்லாம் நீயே இழுத்துப்போட்டுச் செய்யாதே. ஒட்டடை ஓடிப்போகாது.

தம்பி


மே 12

அன்புள்ள தம்பிக்கு,

அத்தான் நலம்.

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்கு வந்திருந்தபோது எடுத்துவிட்டோம். கார்டு இத்துடன். தலைத்துணியோடுதான். வேண்டாமென்றால் எறிந்துவிடு, மறுபடி எடுக்க முடியாது.

அத்தான் செல்பேசியைப் பிடித்தபடி, "தம்பி சொன்ன மாதிரி சொல்லிடு, ஒரே வார்த்தைதான்" என்றார். நான் கதவுவரை போனேன், திரும்பினேன். அந்த வசனம் வரவில்லை. பள்ளிக்கூட நாடகத்திலிருந்தே எனக்குப் பொய் வசனம் வாயில் நிற்காது என்பது உனக்குத் தெரியும். வேறென்னவோ சொன்னேன். மறுபடி எடுக்கலாம் என்று அத்தான் சொல்லவில்லை. செல்பேசியைக் கீழே வைத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். ஆகவே கடைசியில் கொஞ்ச நேரம் தரை தெரியும், அதை வெட்டிவிடு.

நீ நலமாக இரு.

அக்கா


மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கார்டு வந்தது. அவசரமாக எழுதுகிறேன், வேலைக்கு நேரமாகிறது.

நடிப்பு நன்றாக வந்திருக்கிறது. இவ்வளவு நன்றாக நீ நடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஒப்பனையை யார் போட்டது? கண்ணுக்குக் கீழே கறுப்பு, கன்னத்தில் குழி. இது சினிமா, நாடக மேடை இல்லை. கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும் என்று அப்பிவைத்திருக்கிறார்கள். இரண்டாவது, நீ சொன்ன வசனம். "நான் போகல" என்று இருக்க வேண்டிய இடத்தில் "அடுப்ப அணைச்சுட்டேன்" என்றிருக்கிறாய். இதை வைத்து நான் எப்படிப் படத்தை முடிப்பேன்?

ஒப்பனைக்காரரிடம் சொல். லேசாகப் போட்டு இன்னொரு தடவை எடுத்து அனுப்பு. ஜூன் கடைசிவரை நேரம் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

ஒப்பனைக்காரரிடம் சொன்னேன். இதைவிட லேசாகப் போட அவருக்குத் தெரியாதாம். தினமும் கொஞ்சம் கூட்டித்தான் பழக்கமாம்.

இருப்பதை வைத்து முடி. நீ நலமா?

அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் உன் உடல்நலத்தை விசாரிக்கவில்லை. மறந்துபோய் அல்ல.

ஐந்தாவது புதன்கிழமையைத் தொகுக்க உட்கார்ந்தேன். குடையை எடுக்கக் கையைத் தூக்கும்போது சட்டைக் கை கீழே சரிகிறது. கடிகாரம் இல்லை. தொடர்ச்சிப் பிழை என்று குறித்துக்கொள்வதற்காகப் படத்தைப் பெரிதாக்கினேன். கடிகாரம் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் பட்டை ஒன்று இருந்தது. உன் பெயரும் வார்டு எண்ணும் தெளிவாகத் தெரிகின்றன. அத்தானுடைய செல்பேசி நல்ல செல்பேசி.

அதன் பிறகு நாலு புதன்கிழமைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தினமும் நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலைதான் அது.

வேறொரு விஷயமாக விடுப்புக் கேட்டேன். அப்பா, அம்மா, மனைவி, பிள்ளை என்றால் விதியில் இடமிருக்கிறது, அதுவும் மூன்று நாள்தான் என்றார் மேலாளர். "உங்களுக்கு இதுல யாரும் இல்லையே" என்று கோப்பைப் பார்த்துச் சொன்னார். நல்ல மனிதர், தேநீர் கொடுத்தார். அலமாரியைத் திறக்கவில்லை.

இனி படம். தொடர்ச்சிப் பிழையைச் சரிசெய்துவிட்டேன். வழி சுலபமானது. எல்லாம் ஒரே புதன்கிழமை என்பதால் எதை முதலில் வைத்தாலும் கதை கெடாது. வரிசையைத் திருப்பிவிட்டேன். கடைசியாக எடுத்ததுதான் இப்போது முதல் புதன்கிழமை. தலைத்துணியோடு ஒருத்தி கதவுவரை போகிறாள், அடுப்ப அணைச்சுட்டேன் என்கிறாள், போய்விடுகிறாள். அத்தான் இயந்திரத்தில் படுத்துத் திரும்பிப் போகிறார். அடுத்த புதன்கிழமை துணி இல்லை, பின்னல் இருக்கிறது. அதற்கடுத்ததில் சட்டை தோளில் நிற்கிறது. அவர் போகப் போக உனக்குச் சதை பிடிக்கிறது. கடைசியில் வருவது நாம் முதன்முதலாக எடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை. கடிகாரம் மணிக்கட்டில் இருக்கிறது. இயந்திரம் வேலை செய்வதாகப் பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

முடிவுக்கு வசனம் வேண்டுமே என்று வேண்டாமென ஒதுக்கியதை எல்லாம் தேடினேன். அந்த முதல் நாள் உன்னைக் கதவு வழியாக அனுப்பி அனுப்பி அலுக்கவைத்தேன் அல்லவா? நீ பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்து, "நான் போகல. வேணும்னா உங்க டைரக்டர் போகட்டும்" என்று அத்தானைப் பார்த்துச் சிரிக்கிறாய். "நான் போகல"வுக்கும் சிரிப்புக்கும் நடுவில் உள்ளதை வெட்டிவிட்டேன். வசனம் பொய் இல்லை, நீ சொன்னதுதான்.

மணிக்கட்டில் இருந்த பட்டையை இருட்டாக்கிவிட்டேன். யாருக்கும் தெரியாது.

"எங்கே போற" என்று அவர் கேட்காதது குறை என்றாய். உண்மைதான். கேட்டால் பதில் வரும். அதைத் தாங்க நம் படத்துக்கு வசதி போதாது.

தம்பி


ஜூன் 25

அன்புள்ள தம்பிக்கு,

நான் சொல்லச் சொல்ல அத்தான் எழுதுகிறார். எழுத்துப்பிழை எல்லாம் அவருடையது.

உன் கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். இரண்டாவது தடவை நடுவில் நிறுத்திவிட்டார்.

உன் திருத்தத்தில் குறை இருக்கிறது. ஒரே புதன்கிழமைக்குத்தான் போகிறார் என்றால் அங்கே ஒரே பெண்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேறியவளாக எப்படி இருப்பாள்? எந்தக் காலப்பயண விதிக்கும் இது ஒத்துவராது. எங்கள் டாக்டர் இதைப் படித்தால், இந்த வரிசையில் நோய் போவது கிடையாது என்பார். இருந்தாலும் அப்படியே விட்டுவிடு. விதிப்படி வரும் படங்களை நான் நிறையவே எடுத்துவிட்டேன்.

விடுப்புக் கேட்டதாக எழுதியிருந்தாய். எதற்கு என்று நான் கேட்கவில்லை. தேநீர் கொடுத்தவருக்கு என் நன்றியைச் சொல்.

கார்டு வந்ததும் பார்க்கிறேன். கடைசிப் புதன்கிழமையைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. அவளுக்கு அப்போது கன்னம் இருந்தது.

குளிக்காமல் சாப்பிட உட்காராதே. இதை எழுத வேண்டாம் என்றேன், அத்தான் எழுதிவிட்டார்.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. அன்றைக்குப் போனில் சொன்னதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. எல்லாரும் வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பகுதியிலிருந்தும் வந்தார்கள். மாடி வீட்டுக்காரர் கூடவே இருந்தார்.

நீ அனுப்பிய கார்டு அதற்கப்புறம்தான் வந்தது. அவள் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். எனக்குச் சினிமா தெரியாது, அதனால் பலம் குறை சொல்லத் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நான் கேமராவுக்குப் பக்கத்தில் எதையோ பார்க்கிறேன், அதை வெட்டு என்று அவள் உனக்கு எழுதியிருந்தாள் அல்லவா? கேமராவை நீ பிடித்திருந்தாய். விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது அவள். அவளைப் பார்த்தால் எனக்கு நடிக்கக் கொஞ்சம் தைரியம். நீ அதை வெட்டாமல் விட்டிருக்கிறாய். நல்லது.

நேற்று மாடி வீட்டுக்காரர் வந்தபோது போட்டுக் காட்டினேன். முடிந்ததும் அவர், "கடைசியில அவங்க தங்கிட்டாங்க இல்ல?" என்று கேட்டார். "ஆமா, தங்கிட்டா" என்றேன். அவருக்குக் கண் இப்போது நன்றாகத் தெரிகிறது. வேறு எதுவும் கேட்கவில்லை.

பச்சைச் சட்டையையும் கடிகாரத்தையும் பீரோவில் வைத்திருக்கிறேன். இன்னொரு படம் எடுப்பதாக இருந்தால் சொல்.

என் முழங்கால் நன்றாக இருக்கிறது. உன் நலத்துக்கு எழுதவும்.

அத்தான்


செப்டம்பர் 15

"போன புதன்கிழமை" படத்தின் இயக்குநருக்கு,

வணக்கம். தங்கள் படத்தை எமது திரைப்பட விழாவின் தேர்வுக்குழு பார்வையிட்டது. குழுவின் கருத்துகள் வருமாறு.

படம் சுருக்கமானது. மருத்துவமனை அறையில் எடுக்கப்பட்ட காட்சிகள் நம்பும்படி உள்ளன. இசையைத் தவிர்த்தது துணிச்சலான முடிவு. நாயகனாக நடித்தவர் நடிப்பில் பயிற்சி பெற வேண்டும். பல இடங்களில் அவர் பார்வை கேமராவை விட்டு விலகுகிறது. காலப்பயண விதிகள் சீராகக் கடைப்பிடிக்கப்படவில்லை. குறிப்பாக, நாயகி புதன்கிழமைக்குப் புதன்கிழமை தேறி வருவதற்கான காரணம் திரைக்கதையில் எங்கும் இல்லை. முடிவு நம்பத்தகுந்ததாக இல்லை. எனவே படத்தைப் போட்டிப் பிரிவுக்குத் தேர்ந்தெடுக்க இயலவில்லை.

எனினும் நாயகியின் மெலிவை ஐந்து படிநிலைகளில் காட்டியுள்ள ஒப்பனை, இவ்வாண்டு குழு பார்வையிட்ட படங்களிலேயே சிறந்தது என ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது. முதல் புதன்கிழமையின் ஒப்பனை சற்று மிகை என்று ஓர் உறுப்பினர் கருதினார். ஏனையோர் அதை ஏற்கவில்லை. சிறந்த ஒப்பனைக்கான பரிசை அளிக்க விரும்புகிறோம். படத்தின் பெயர்ப் பட்டியலில் ஒப்பனைக் கலைஞரின் பெயர் விடுபட்டுள்ளது. அக்டோபர் 31க்குள் தெரிவிக்க வேண்டுகிறோம்.

விழா அலுவலகம்


நவம்பர் 5

"போன புதன்கிழமை" படத்தின் இயக்குநருக்கு,

வணக்கம். குறித்த தேதிக்குள் பெயர் வந்து சேராததால், ஒப்பனைக்கான பரிசு இவ்வாண்டு எவருக்கும் வழங்கப்படவில்லை.

விழா அலுவலகம்